யாருக்கு வலிக்கிறது

"நேத்து மேல என்னமோ விழுந்த மாதிரி சத்தம் கேட்டுச்சே ஆன்ட்டி?" என்று படிக்கட்டில் வைத்துக் கேட்டேன்.

"நான்தான் விழுந்தேன்," என்றார் ராஜி ஆன்ட்டி. டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க அடிபட்டுச்சு?"

"உடம்புல."

"உடம்புல எங்க?"

"அத்த கேட்டு நீ இன்னா பண்ணப்போற? கட்டுப் போடப்போறியா? கட்டுப் போடறவளே நான்தான்."

"யோகேஷ் அடிச்சானா?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. பாடம் சொல்லுவதைப் போல் நிதானமாகச் சொன்னார்.

"அப்படிச் சொல்றது ஒரு கதை பாப்பா. ஒரு கை வந்துச்சு. ஒரு கன்னம் இருந்துச்சு. நடுவுல யோகேஷ், யோகேஷோட அம்மான்னு ரெண்டு பேரை நாமதான் போட்டுக்கறோம்."

"வலிக்கலையா?"

"வலிக்குது. எனக்கில்ல."

"பின்ன யாருக்கு?"

"ஹவ், ஆமா! அதான் கேள்வி! நீயே கேட்டுட்ட பாரு!" என்று என் தோளில் தட்டிச் சிரித்தார். சிரித்தபோது கீழுதட்டில் காய்ந்திருந்த வெடிப்பு திறந்துகொண்டது. ரத்தம் மோவாய் வரை வழிந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டே இறங்கிப் போய், தெருமுனையில் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

ராமச்சந்திராபுரத்தில் மூன்று மாடி கொண்ட கட்டடம் எங்களுடையது. தரைத்தளத்தில் பத்மநாபன் சார், முதல் மாடியில் நாங்கள், எங்களுக்கு நேர் மேலே ராஜி ஆன்ட்டியும் அவர் மகன் யோகேஷும், அதற்கும் மேலே சாய்கிருஷ்ணா. மேலே சாமான் உருளும், நாற்காலி சாயும், கனமாக எதுவோ சுவரில் மோதும். யோகேஷின் குரல் இந்த ஊர் ஹிந்தியில் கேட்கும். ராஜி ஆன்ட்டியின் குரல் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். தாத்தா ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒர்க்ஷாப் வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். அந்தக் குவார்ட்டர்ஸில் அடி என்பது சாயங்காலச் சாப்பாட்டைப் போல வீட்டுக்கு வீடு இருந்தது என்று சொல்வார். அப்பா பெல்ட்டைக் கழற்றினால் அண்ணன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அப்பா கட்டிலையே புரட்டுவார். அதனால் கல்யாணத்துக்கு முந்தைய நாள் அவர் சாமியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கை நீட்டாத புருஷன். அது கிடைத்தது. மணிவண்ணன் அங்கிள் பெரிய தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். டன் கணக்கில் இரும்பை அந்தரத்தில் தூக்கி நிறுத்துகிற மனிதர், வீட்டில் டம்ளரைக்கூட ஓசை வராமல் வைப்பார். ஒரு நாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி இறந்துபோனார். பக்கத்து சீட்டுக்காரர் அவர் தூங்குகிறார் என்று நினைத்து கேட் வரை வந்திருக்கிறார்.

கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ராஜி ஆன்ட்டி எங்கள் கட்டடத்துக்கு வந்தார். பட்டான்செருவில் ஒரு சின்ன கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை கிடைத்தது. சுற்றிலும் மருந்து, கெமிக்கல் தொழிற்சாலைகள். அமிலம் தெறித்து முழங்கை வரை தோல் உரிந்தவர்கள், மெஷின் பெல்ட்டில் விரலைக் கொடுத்தவர்கள், நீராவிக் குழாய் வெடித்து முகம் வெந்தவர்கள் ஷிஃப்ட் உடையோடு வந்து விழுவார்கள். ஒட்டிக்கொண்ட சட்டையைத் தோலிலிருந்து பிரித்தெடுக்கும்போது, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பையன்களிடம் ராஜி ஆன்ட்டி, "கத்துடா, சில்லாவ், வெக்கம் இன்னாத்துக்கு, இங்க உன் மாமியாரா உக்காந்திருக்கா?" என்பாராம். அவர்கள் கத்திக்கொண்டே சிரிப்பார்களாம்.

புருஷன் போன பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. பத்மநாபன் சார்தான் தம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அழைத்தார். சார் ஓய்வுபெற்ற இன்ஜினியர். அத்வைதம் படித்தவர், படிப்பதோடு நிற்காமல் தியானத்தில் உட்கார்ந்து பழகியவர். கூட்டத்தில் பூஜை கிடையாது, பாட்டு கிடையாது. தமிழில் ஒரு பத்தியை நான் வாசிப்பேன்; தமிழ் புரியாத சாய்கிருஷ்ணாவுக்காக அதையே ஆங்கிலத்தில் சொல்லுவேன். பிறகு எல்லோரும் கண்ணை மூடுவார்கள். ஒரே ஒரு விதி உண்டு. யாரும் தம் கதையைச் சொல்லக்கூடாது. கவலை, பயம், கோபம் என்று எவர் எதைக் கொண்டுவந்தாலும் மற்றவர்கள் பதிலாக ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும்: யாருக்கு?

"மனசு ஒண்ணு மாத்தி ஒண்ணு கருத்தை உண்டு பண்ணிண்டே இருக்கும். ஒவ்வொண்ணா கீழ வையுங்கோ. வைக்கறவன் யாருன்னு பாருங்கோ, போறும்," என்பார் சார்.

இந்த விதியைக் கூட்டத்தில் மிகவும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் எதிர்வீட்டு செல்லம்மா மாமி. கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று யாராவது சொன்னால்கூட, "யாருக்கு வரல?" என்பார். சாய்கிருஷ்ணா ஒருமுறை, "ஆன்ட்டி, உங்களுக்கு வந்த சிலிண்டரை எனக்குக் கொடுங்க, யாருக்குன்னு அப்புறம் பார்க்கலாம்," என்று ஆங்கிலத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

முதல் நாள் ராஜி ஆன்ட்டி, "துக்கமா கீது சார்," என்றார். "யாருக்கு?" என்று எல்லோரும் மெதுவாகக் கேட்டார்கள். அவர் தேடிப் பார்த்தார். தேடிய இடத்தில் யாரும் அகப்படவில்லை. அன்று இரவு ஒன்பது மாதங்களுக்குப் பிறகு தூங்கினார். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வி அவரைப் பைத்தியமாகாமல் காப்பாற்றியது.

அதே கேள்வியோடு ஒரு மாலை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோதுதான் முதல் அடி விழுந்தது. அடுப்பில் குக்கர் கருகிக்கொண்டிருந்தது. யோகேஷ் ஷிஃப்ட் முடிந்து வந்தான். அவனும் பட்டான்செருவில் ஒரு கெமிக்கல் யூனிட்டில் ஆபரேட்டர். பசி, கண் எரிச்சல், வீடெல்லாம் புகை. நடுவில் அம்மா சிலை போல உட்கார்ந்திருக்கிறாள். குக்கர் மூடியைத் திருகி எடுத்தவன் அதாலேயே அவர் தலையில் அடித்தான். காதுக்குப் பின்னால் தோல் பிளந்தது. ராஜி ஆன்ட்டி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். யாருக்கு வலிக்கிறது என்று உள்ளே கேட்டுக்கொண்டார். உள்ளே ஜில்லென்று ஒரு காலியிடம் வந்தது. ஒரு கையால் காயத்தை அழுத்திக்கொண்டு மறு கையால் அடுப்பை அணைத்தார். கிளினிக்குக்குத் தானே போய்த் தையல் போடச் சொன்னார்.

அவன் அழுவான், மன்னிப்புக் கேட்பான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. அந்த அமைதியான முகம் அவனை வெறியாக்கியது. "க்யா தேக்ரீ? குச் போல்!" என்று கத்துவான். என்ன பார்க்கிறாய், ஏதாவது பேசு என்று. அவர் பேசமாட்டார். அந்த முகத்தை உடைத்துவிட வேண்டும் என்பதற்காகவே அடுத்த அடி விழும். சப்பாத்திக் கட்டையால் முட்டியில் அடித்தான். கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒருமுறை கொதிக்கிற டீயை மடியில் ஊற்றினான். தொடையில் கொப்புளம் கட்டி, அதற்கு மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு மறுநாள் மற்றவர்களின் கொப்புளங்களுக்கு மருந்து போட்டார். இப்படியே மூன்று வருடங்கள். அவர் தம்மை ஆன்ம சாதனையில் முன்னேறியவராக நினைத்தார். வாங்கும் ஒவ்வொரு அடியும் ஒரு பரீட்சை, ஒவ்வொன்றிலும் தேறிக்கொண்டிருந்தார்.

பிறகு யோகேஷுக்குப் பெண் அமைந்தது. போலாரத்தில் குடியிருக்கும் குடும்பம். பெண் அக்ஷதா, ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள். அவள் அம்மா வேதா ஒரு நாள் ராஜி ஆன்ட்டியைத் தனியே பார்த்து நேராகவே கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரே பொண்ணு. உங்க பையன் கோவக்காரனா?"

"கோவம் வரும், போகும் சம்பந்தி. அவன் கோவம் இல்ல," என்றார் ராஜி ஆன்ட்டி.

வேதா அந்தப் பதிலில் மயங்கிப்போனார். இவ்வளவு பக்குவமான மாமியார் யாருக்குக் கிடைப்பாள் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். ஆவணியில் தேதி குறித்தார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு பகல்வேளை, யோகேஷ் பைக்கில் அக்ஷதாவை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்கே வந்தான். அவள் இடது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"மம்மி, இவளுக்கு ஒரு கட்டுப் போடு. டோர்ல மாட்டிக்கிச்சு," என்று சிரித்தான்.

ராஜி ஆன்ட்டி அந்தக் கையை வாங்கினார். கதவில் நசுங்கிய விரல்கள் அவருக்கு வாரத்துக்கு நாலைந்து வரும். நகம் கறுத்திருக்கும், தோல் கிழிந்திருக்கும். இந்தச் சுண்டுவிரலில் நகம் ரோஜா நிறத்தில் பளபளவென்று இருந்தது. அடிக்கணு மட்டும் வீங்கி, விரல் பின்பக்கமாக வளைந்து நின்றது. யாரோ பிடித்துப் பின்னால் மடக்கியிருக்கிறார்கள்.

"எந்தக் கதவும்மா?" என்று கேட்டார்.

"வீட்டுக் கதவு ஆன்ட்டி," என்றாள் அவள். சொல்லும்போது யோகேஷைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அடுத்து நடந்ததை ராஜி ஆன்ட்டி பிற்பாடு என்னிடம் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுகிறேன். "எப்பவும் வர்ற மாதிரி கேள்வி தானா வந்துச்சு பாப்பா. யாருக்கு வலிக்குதுன்னு. எப்பவும் அதுக்கப்புறம் ஜில்லுனு ஒண்ணு வரும்ல, அதுவும் வரப் பாத்துச்சு. ஆனா அந்தப் பொண்ணோட வெரல் என் கைக்குள்ள துடிக்குது. குருவிக் குஞ்சு மாதிரி துடிக்குது. யாருக்கும் இல்லன்னு அவ மூஞ்சியைப் பாத்து சொல்லிடுவியாடின்னு என்னையே கேட்டேன். முடியல. அவளுக்கு இல்லன்னா பொய்யி. அப்ப எனக்கு இல்லன்னு சொன்னதும் பொய்யிதானே?"

விரலை நேராக்கி, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினார். அவள் கத்தவில்லை. "கத்தும்மா," என்று அவர் சொல்லியும் கத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பத்தியை வாசித்து முடித்ததும், கண்ணை மூடப் போன எல்லோரையும் ராஜி ஆன்ட்டியின் குரல் நிறுத்தியது.

"என் பையன் என்னை அடிக்கறான்."

பழக்கதோஷத்தில் செல்லம்மா மாமி, "யாருக்கு அடி?" என்றார்.

ராஜி ஆன்ட்டி எழுந்து மாமியின் முன்னால் போய் உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் முடியை விலக்கினார். முடி முளைக்காத ஒரு நீளமான தழும்பு. "இங்க. கைய வச்சுப் பாருங்க மாமி. வச்சுட்டு அப்புறம் கேளுங்க."

மாமி கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ராஜி," என்றார் பத்மநாபன் சார் மெல்ல. "இதைத் தனியாப் பேசிக்கலாமே. இப்போ சாட்சியா இருந்து பாருங்கோ."

"சாட்சின்னு ஒருத்தியை மேல உக்கார வச்சேன் சார். கீழ அடி விழும், மேல அவளுக்கு ஒண்ணும் ஆவாது. அவளும் நான் பண்ண பொம்மதான் சார். எல்லா நெனப்பையும் கீழ வைன்னு சொன்னீங்க. எல்லாத்தையும் வச்சேன். நான் உடம்பில்லன்ற நெனப்பை மட்டும் இடுப்புல முடிஞ்சு வச்சுக்கிட்டேன். அது நல்லாருந்துச்சு, அதான். இன்னிக்கு அத்தயும் வச்சுட்டேன்."

"சரிதான்," என்றார் சார். "நீங்க சொல்றது சரிதான்."

ராஜி ஆன்ட்டி கைபேசியை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் போலாரத்துக்குப் பேசினார். "வேதாம்மா, உங்க பொண்ணு வெரலைக் கதவு முறிக்கல. என் பையன் முறிச்சான். என்னையும் அடிக்கறான். கல்யாணம் நக்கோ, வேணாம். நிறுத்திடுங்க."

எதிர்முனையில் எழுந்த கூச்சல் எனக்கே கேட்டது. அன்றைக்கு நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள் என்று வேதா கேட்டிருக்க வேண்டும்.

"அன்னிக்கு சொன்னது பேச்சு," என்றார் ராஜி ஆன்ட்டி. "இன்னிக்கு சொல்றது நடந்தது."

வேதா யோகேஷையும் போனில் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார். கூட்டம் கலைந்து நாங்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பியிருந்தபோது, அவன் பாதி ஷிஃப்டில் கிளம்பி வந்தான். படிக்கட்டில் பூட்ஸ் கால்கள் தடதடவென்று ஏறியதைக் கேட்டேன். மேலே கதவு அறைந்து சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு முதல் சத்தம், எங்கள் கூரையில் தேங்காய் விழுந்ததைப் போல. இரண்டாவது.

அப்புறம் அந்தக் குரல். இத்தனை வருடங்களில் மேலிருந்து நான் கேட்டிராத குரல்.

"அடிக்கறான்! என்னை அடிக்கறான்! வலிக்குது! யாராவது வாங்க!"

நான் ஓடினேன். மேலிருந்து சாய்கிருஷ்ணா இரண்டிரண்டு படிகளாகத் தாவி வந்தான். கதவு உள்ளே பூட்டியிருந்தது. "கைக்கு சில்லாரீ? சுப்!" என்று யோகேஷ் அலறினான். ஏன் கத்துகிறாய், வாயை மூடு என்று. மூன்று வருடங்களாகப் பேசு, பேசு என்று அடித்தவன் இப்போது கத்தாதே என்று அடித்துக்கொண்டிருந்தான். அவர் நிறுத்தவில்லை. வார்த்தைகள் போய் வெறும் கூவலாக ஆன பிறகும் நிறுத்தவில்லை. மூட்டுவலிக்காரரான பத்மநாபன் சார் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஏறி வந்து, கைத்தடியால் கதவை ஓங்கி ஓங்கி அடித்தார். தடி முறிந்தது. சாய்கிருஷ்ணா தோளால் மோதி, நாலாவது முறை தாழ்ப்பாள் பெயர்ந்தது.

யோகேஷ் ஹெல்மெட்டைத் தாடைப் பட்டையில் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். ராஜி ஆன்ட்டி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். ஒரு கண் முழுதாக மூடிவிட்டது. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்குள் இறங்கியது. தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அந்தக் கோணல் வாயோடும் கத்திக்கொண்டிருந்தார். சாய்கிருஷ்ணா அவன் மேல் பாய்ந்தான். யோகேஷின் முழங்கை பட்டு சாய்கிருஷ்ணாவின் முன்பல் தெறித்தது. அப்படியும் சாய்கிருஷ்ணா பிடியை விடவில்லை. தரையில் அழுத்தி, முதுகில் முட்டியை ஊன்றி உட்கார்ந்தான். பத்மநாபன் சார் தரையில் அமர்ந்து ராஜி ஆன்ட்டியின் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

போலீஸ் வந்தது. ராஜி ஆன்ட்டி வாய் திறக்க முடியாத நிலையிலும் யார் அடித்தது என்று கையால் காட்டினார். யோகேஷ் கொஞ்ச காலம் உள்ளே இருந்தான். வழக்கு நடக்கிறது. கல்யாணம் நின்றுவிட்டது. வேதா அதற்குப் பிறகு பேசவில்லை. அக்ஷதா ஒரே ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப் போட்ட விரலோடு ராஜி ஆன்ட்டியின் காலருகே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஆன்ட்டிக்கு இடது காது கேட்பதில்லை. தாடைக் கம்பிகளை எடுத்த பிறகும், கெட்டியான எதையும் அவரால் மெல்ல முடிவதில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சு திரும்பி வந்த வாரத்தில் ஒரு நாள் கேட்டேன், அத்தனை நாள் உட்கார்ந்ததெல்லாம் வீணா என்று.

"வீணுன்னு யார் சொன்னா?" என்றார், ஓர் ஓரத்து வாயால். "அவன் ஹெல்மெட்டால அடிக்கறப்போ பாப்பா, நான் உடம்புன்னும் தோணல, உடம்பில்லன்னும் தோணல. புள்ளன்னும் இல்ல, பாவம் புண்ணியம்னும் இல்ல. வலி இருந்துச்சு. கத்தல் இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு துணிகூட இல்ல. சார் இத்தினி வருஷமா எத்த சொன்னாரோ தெரியாது. நான் பாத்தது அத்தத்தான்."

கூட்டம் இப்போதும் நடக்கிறது. பத்மநாபன் சார் அந்த விதியை எடுத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் நடந்ததைச் சொல்லலாம். கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார்கள். ராஜி ஆன்ட்டி வருவார், கேட்கும் காதை என் பக்கமாகத் திருப்பி உட்காருவார். பழையபடி கிளினிக்குக்கும் போகிறார்.

யோகேஷ் ஜாமீனில் வந்து பட்டான்செருவில் கூட வேலை செய்பவர்களோடு ஓர் அறையில் இருக்கிறான். சில மாதங்கள் கழித்து அவன் போன் செய்ய ஆரம்பித்தான். அழுதான். ஒருமுறை வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றான். எல்லோரும் வேண்டாம் என்றோம். போலீஸுக்குத் தெரியாமல் வரக்கூடாது என்று சாய்கிருஷ்ணா சொன்னான். போலீஸுக்குச் சொல்லிவிட்டுத்தான் வரச்சொன்னேன் என்றார் ராஜி ஆன்ட்டி.

"ஏன் ஆன்ட்டி? அவன் எதுக்கு?" என்று கேட்டேன்.

"அடிக்கறவன்ற நெனப்பைக் கெட்டியா புடிச்சுக்கிட்டா அதுவும் இன்னொரு பொம்ம ஆயிடும் பாப்பா. பாக்கறேன். எது வருதோ வரட்டும். ஆனா இந்தத் தடவை தனியா பாக்க மாட்டேன்."

அவன் வரவிருந்த ஞாயிறு காலை, அரிசியைக் களைந்து உலை வைத்துவிட்டு எங்கள் வீட்டு வாசலுக்கு இறங்கி வந்தார். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சாய் தம்பியை மாடில இருக்கச் சொல்லிட்டேன். நீ படிக்கட்டுல உக்காந்துக்கோ பாப்பா. உள்ள வராத. நான் அவனைத் திட்டுவேன், அழுவேன், சத்தம் போடுவேன், அதுக்கெல்லாம் பயந்துடாத. என் சத்தமே வரலன்னா, உடனே கதவைத் தட்டு."